அத்தியாயம் 6: பஞ்சு பறக்கும் ஊரில் லேப்டாப்பின் சூடு

திருப்பூரில் நிட்டிங் ஷெட்டுக்குள் நுழைகிறவரின் கண்ணில் முதலில் படுவது, வட்டப் பின்னல் இயந்திரத்தின் தலைக்கு மேலே சுற்றும் சின்ன ஃபேன்கள். அவை ஆளுக்குக் காற்று வர வைத்தவை அல்ல. பருத்தி நூல் ஊசியில் உரசி ஓடும்போது பஞ்சு உதிர்கிறது. அது ஊசிமேல் உட்கார்ந்தால் துணியோடு சேர்ந்து பின்னப்பட்டுவிடும். ஊசி முறியும், துணியில் ஓட்டை விழும், செக்கிங்கில் அந்த ரோல் திரும்பி வரும். பஞ்சை உட்காரவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அந்த ஃபேன்களின் வேலை.

ஷெட்டை ஒட்டிய அலுவலக அறையில் ஒரு லேப்டாப் இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு ஃபேன் சுற்றுகிறது. ஊசியைக் காக்கும் ஃபேன் பஞ்சை வெளியே தள்ளுகிறது. லேப்டாப்பைக் காக்கும் ஃபேனோ அதே பஞ்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கட்டிங் மேசையில் கத்தி ஓடும்போது பறப்பதும், ஓவர்லாக் மிஷின் துணியின் ஓரத்தை அரிந்துகொண்டே தைக்கும்போது உதிர்வதும், ஃப்ளீஸ் துணியைச் சுரண்டி மென்மையாக்கும் இடத்தில் மூடுபனி மாதிரி நிற்பதும் எல்லாம் ஒரே பஞ்சுதான். ஊரே மூச்சில் இழுக்கும் அதை லேப்டாப்பும் இழுக்கிறது.

அதனால் லினக்ஸ் லேப்டாப் சூடாகிறது என்று புகார் வரும்போது, ஃபேன் வேகத்தை மாற்றும் மென்பொருளைத் தேடுவது இங்கே கடைசி வேலை. முதலில் அளவெடுக்க வேண்டும். பிறகு பஞ்சை எடுக்க வேண்டும். பிறகு சூடு உண்டாவதையே குறைக்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்தபின்தான் ஃபேன். அத்தியாயமும் அதே வரிசையில் போகிறது. கட்டளைகள் உச்சரிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்ச வேண்டும்.

இந்த மேசைகளுக்கு லினக்ஸ் வந்த வழி

தமிழ்நாட்டில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது பள்ளிக்கூடத்தின் வழியாக. 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த லேப்டாப்களில் பாஸ் லினக்ஸ் வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. டெபியன், உபுண்டு இரண்டுக்கும் பொருந்தும் கட்டளைகளில் பெரும்பாலானவை அதிலும் வேலை செய்யும்.

மாணவர் படிப்பு முடித்துப் போனபின் அந்த லேப்டாப் வீட்டில் தங்கிவிடுகிறது. ஜாப் ஒர்க் எடுக்கும் குடும்பமாக இருந்தால், பீஸ் ரேட் கணக்கும் சனிக்கிழமைச் சம்பளப் பட்டியலும் அதில்தான் ஏறும். பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லேட்டிட்யூட் வகைகளை வாங்கி லினக்ஸ் ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. லிப்ரெ ஆபீஸில் காஸ்டிங் போடலாம்; பிரிண்ட் டிசைனை இங்க்ஸ்கேப்பிலும் ஜிம்ப்பிலும் திருத்தலாம்; சீம்லி2டி போன்ற கட்டற்ற மென்பொருளில் பேட்டர்ன் வரையலாம்.

இரண்டு வகையிலும் பொதுவான விஷயம் வயது. ஐந்தாறு வருடம் ஓடிய லேப்டாப்பில் ப்ராசசருக்கு மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். காற்று வெளியேறும் வாயில் பஞ்சு ஒரு திரையே நெய்திருக்கும்.

சூடு ஏறும் கணக்கு

லேப்டாப்பின் குளிரூட்டும் அமைப்பு எளிமையானது. ப்ராசசரின் மேல் ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து தட்டையான செப்புக் குழாய் ஒன்று சூட்டை ஓரத்துக்குக் கொண்டுபோகிறது. குழாயின் முடிவில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகள். ஃபேன் இழுத்த காற்று அந்தப் பற்களுக்கு நடுவே புகுந்து சூட்டோடு வெளியேறுகிறது.

இந்த அமைப்பால் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. ஒரே வேலை, ஒரே ஃபேன் வேகம் என்றால், அறையில் 8 டிகிரி ஏறும்போது ப்ராசசரிலும் கிட்டத்தட்ட 8 டிகிரி ஏறும். பெரும்பாலான லேப்டாப் கம்பெனிகள் தங்கள் இயந்திரம் இயங்கத் தகுந்த அறை வெப்பத்தின் மேல் வரம்பாக 35 டிகிரி செல்சியஸைக் குறிப்பிடுகின்றன. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட ஷெட்டு அந்த வரம்பைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஏசி அறையில் எழுதப்பட்ட ஆலோசனைகளை இங்கே அப்படியே பின்பற்ற முடியாததற்குக் காரணம் இதுதான்.

ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தது. பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி லேப்டாப் ப்ராசசர்களில் 95 முதல் 105 டிகிரிக்குள் ஒரு எல்லை வைக்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டதும் வேகம் தானாகக் குறையும். அதையும் மீறி ஏறினால் மின்சாரமே துண்டிக்கப்படும். சேமிக்காத சம்பளப் பட்டியல் அந்த நொடியில் போய்விடும். லேப்டாப் எரிந்துபோகுமோ என்ற பயத்தைவிட, தினமும் வேகம் குறைந்து வேலை இழுத்துக்கொண்டே போவதுதான் நடைமுறையில் பெரிய நஷ்டம்.

முதல் வேலை: அளவெடுப்பது

டெர்மினலைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எல்எம்-சென்சார்ஸ்' என்று கொடுத்தால் தேவையான கருவி இறங்கிவிடும். அடுத்து 'சூடோ சென்சார்ஸ்-டிடெக்ட்'. அது வரிசையாகக் கேள்வி கேட்கும். ஒவ்வொன்றுக்கும் எண்டர் தட்டினால் அது பரிந்துரைக்கும் பாதுகாப்பான விடையே பதிவாகும். அதன்பின் 'சென்சார்ஸ்' என்று மட்டும் தட்டினால் போதும்.

இன்டெல் லேப்டாப்பில் 'கோர்டெம்ப்' என்ற தலைப்பின் கீழ் 'பேக்கேஜ் ஐடி 0' என்ற வரியைப் பார்க்க வேண்டும். ஏஎம்டியில் 'கே10டெம்ப்' என்ற தலைப்பின் கீழ் வரும் எண். சில மாடல்களில் ஃபேனின் சுற்று எண்ணிக்கையும் வரும், சிலவற்றில் வராது. வராவிட்டால் ஃபேன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த எண்ணை லினக்ஸுக்குச் சொல்லும் வழி அந்த மாடலில் இல்லை, அவ்வளவுதான். எண்கள் மாறுவதைத் தொடர்ந்து பார்க்க 'வாட்ச் -என் 2 சென்சார்ஸ்' உதவும். இரண்டு நொடிக்கு ஒருமுறை அது புதிய அளவைக் காட்டும்.

ஒரே ஒரு அளவு எதையும் சொல்லாது. மூன்று அளவு எடுக்க வேண்டும்: லேப்டாப்பைச் சும்மா விட்டு பத்து நிமிடம் கழித்து ஒன்று, வழக்கமான வேலையின் நடுவே ஒன்று, 'ஸ்ட்ரெஸ்-என்ஜி' என்ற சோதனைக் கருவியால் மூன்று நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி ஒன்று. பஞ்சு அடைத்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால் மூன்றாவது சோதனையைச் சுத்தம் செய்தபின் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயன்படப்போகும் எண், ப்ராசசர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து வரும் வித்தியாசம். மார்கழியில் அறை 24 டிகிரி, ப்ராசசர் 62 என்றால் வித்தியாசம் 38. சித்திரையில் அறை 37, ப்ராசசர் 75 என்றாலும் வித்தியாசம் அதே 38. லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, வெயில்தான் ஏறியிருக்கிறது. அறை 37 இருக்கும்போது ப்ராசசர் 90 காட்டினால் வித்தியாசம் 53 ஆகிவிட்டது. உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது.

ஃபேனும் சூடும் சேர்ந்து சொல்லும் குறிப்புகள் சில:

- ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, ப்ராசசரும் சூடாக இருக்கிறது, ஆனால் வாயில் கை வைத்தால் காற்று பலமில்லாமல் வருகிறது: பஞ்சு அடைப்பு.
- காற்று நன்றாக வருகிறது, ஆனால் சூடில்லை; ப்ராசசர் மட்டும் கொதிக்கிறது: தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது செப்புத் தகடு சரியாக அழுந்தி உட்காரவில்லை.
- 75 டிகிரி தாண்டியும் ஃபேன் அசையவில்லை: ஃபேன் மோட்டார் போயிருக்கலாம், அல்லது கட்டுப்பாட்டு மென்பொருள் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.
- எந்த வேலையும் இல்லாமல் சூடு: 'எச்டாப்' கருவியில் எந்த புரோகிராம் ப்ராசசரைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும்.

சூட்டால் வேகம் குறைந்ததா என்பதற்கு எழுத்துச் சாட்சியும் கிடைக்கும். 'சூடோ ஜர்னல்சிடிஎல் -கே' என்று தட்டினால் கெர்னல் எழுதிவைத்த குறிப்புகள் வரும். இன்டெல் லேப்டாப்களில் அதில் 'த்ராட்டில்டு' என்ற சொல் தென்பட்டால், ப்ராசசர் எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்திருக்கிறது.

இரண்டாவது வேலை: பஞ்சை எடுப்பது

திருப்பூரில் லேப்டாப்பின் அடிமூடியைத் திறக்கிறவர் ஃபேன் இறக்கைகளில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு மூடிவிடக் கூடாது. உண்மையான அடைப்பு ஃபேனுக்கும் உலோகப் பற்களுக்கும் நடுவே இருக்கிறது. காற்று பற்களுக்குள் நுழையும் இடத்தில் பஞ்சு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கம்பளித் துணி மாதிரி ஒரு பட்டையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வாய் சுத்தமாகவே தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் அந்தப் பட்டை கண்ணில் படும். பல சமயம் விரலால் பிடித்து ஒரே துண்டாக உரித்தெடுக்கலாம்.

செய்முறை இது. லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்க வேண்டும். மூடியைத் திறந்ததும் முதல் காரியமாக பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அதன்பின் ஃபேன். பற்களை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால், அவை நீளும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

இந்த ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. தையல் மிஷின்களைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் ஏர் கன் எல்லா யூனிட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். அதை எடுத்து லேப்டாப்புக்குள் அடிப்பது ஆபத்து. கம்ப்ரசர் லைனில் வரும் காற்றின் அழுத்தம் மெல்லிய தகடுகளுக்கும் ஃபேனின் அச்சுக்கும் அதிகம். குழாயில் தேங்கிய தண்ணீரும் எண்ணெய்த் துளியும் சேர்ந்து போர்டில் தெறிக்கும். காற்றின் வேகத்தில் இறக்கை தன் அளவை மீறிச் சுழன்றால் பேரிங் தேய்ந்து, நாளைக்கு அது கிறீச்சிடத் தொடங்கும். கையால் அழுத்தும் ரப்பர் ஊதுகுழலே போதும். அப்போதும் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும்.

தெர்மல் பேஸ்ட் மாற்றுவது ஒவ்வொரு முறையும் தேவையில்லை. செப்புத் தகட்டைக் கழற்றினால் கட்டாயம் மாற்ற வேண்டும். பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியதைக் கடுகளவுக்குச் சற்றுக் கூடுதலாக வைத்தால் போதும். செக்கிங் பிரிவில் துணிக்கறை எடுக்க வைத்திருக்கும் கரைப்பானை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அந்தக் கரைப்பான்களில் பல பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியவை.

சில லெனோவோ ஐடியாபேட் மாடல்களில் ஒரு வசதி மறைந்திருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் உள்ள 'ஐடியாபேட்-லேப்டாப்' டிரைவர் 'ஃபேன் மோட்' என்ற ஒரு கோப்பைத் தருகிறது. அதில் 0 எழுதினால் மிக அமைதி, 1 வழக்கமான ஓட்டம், 2 தூசி நீக்கம், 4 அதிகக் குளிர்ச்சி. உலர்ந்த பஞ்சு பட்டையாகப் படிவதற்கு முன்பே 2 என்ற நிலையை அவ்வப்போது ஓட்டுவது பயன் தரும். பட்டை கட்டியபின் பிரஷ்தான் வழி.

மூன்றாவது வேலை: சூடு உண்டாவதைக் குறைப்பது

ப்ராசசர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டிச் சிறிது நேரம் பாயும் வசதிக்கு டர்போ என்று பெயர். அந்தப் பாய்ச்சலுக்கு மின்னழுத்தமும் சேர்த்து ஏற வேண்டியிருப்பதால், கிடைக்கும் வேகத்தைவிடச் செலவாகும் மின்சாரம் பல மடங்கு விகிதத்தில் கூடுகிறது. அத்தனையும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். கணக்குப் பட்டியல், மின்னஞ்சல், பயரின் ஆர்டர் தாள் என்று ஓடும் அலுவலகத்தில் டர்போவை நிறுத்தினால் வேகக் குறைவு தெரிவதே அரிது. சூடு இறங்குவது உடனே தெரியும்.

இதற்கு எளிய வழி திரையின் மூலையிலேயே இருக்கிறது. க்னோம், கேடிஇ இரண்டின் புதிய பதிப்புகளிலும் பேட்டரிப் படத்தைச் சொடுக்கினால் 'பவர் சேவர்', 'பேலன்ஸ்டு', 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற நிலைகள் வரும். லேப்டாப் தயாரிப்பாளர் ஆதரவு கொடுத்திருந்தால், இந்தத் தேர்வு ஃபேனின் போக்கையும் சேர்த்தே மாற்றும். கோடை மதியத்துக்குப் 'பவர் சேவர்' வைத்துவிட்டு, பெரிய டிசைன் கோப்பைத் திறக்கும்போது மட்டும் 'பேலன்ஸ்டு'க்குப் போகலாம்.

நிரந்தரமாக வைக்க விரும்புகிறவர்களுக்கு டிஎல்பி என்ற கருவி ஏற்றது. அதன் அமைப்புக் கோப்பில் சார்ஜரில் இருக்கும்போதும் டர்போவை நிறுத்தும் வரி உண்டு. டிஎல்பியையும், திரை மூலையில் நிலைகளைக் காட்டும் 'பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன்' சேவையையும் ஒரே லேப்டாப்பில் சேர்த்து ஓட்டக் கூடாது. இரண்டும் ஒரே அமைப்பை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இரண்டில் ஒன்றை நீக்கிவிட வேண்டும். இன்டெல் லேப்டாப்பில் 'தெர்மால்டி' என்ற சேவையையும் போட்டுக்கொள்ளலாம். இன்டெல் நிறுவனமே எழுதிய அது, எல்லையைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்.

உலாவியில் திறந்துகிடக்கும் இருபது பக்கங்களும், வன்பொருள் உதவியில்லாமல் ஓடும் வீடியோவும் சேர்ந்தால் எந்த லேப்டாப்பும் கொதிக்கும். 'எச்டாப்'பில் மேல் வரிசையில் உலாவியே உட்கார்ந்திருந்தால், ஃபேனைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

கடைசி வேலை: ஃபேனைக் கையில் எடுப்பது

லேப்டாப் ஃபேனை ஆள்வது லினக்ஸ் அல்ல. போர்டில் உட்கார்ந்திருக்கும் எம்பெடெட் கன்ட்ரோலர் என்ற தனிச் சில்லுதான் அதை ஆள்கிறது. இயங்குதளம் உறைந்துபோனாலும் ஃபேன் சுற்றுவது அதனால்தான். அந்தச் சில்லோடு பேச முடிந்தால் மட்டுமே லினக்ஸால் ஃபேன் வேகத்தை மாற்ற முடியும். அதற்கான கதவு கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறுகிறது. டெஸ்க்டாப்புக்காகச் சொல்லப்படும் 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்', 'ஃபேன்கன்ட்ரோல்' இரண்டும் பெரும்பாலான லேப்டாப்களில் பலிக்காது.

திங்க்பேட்டில் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. 'திங்க்பேட்-ஏசிபிஐ' என்ற டிரைவருக்கு 'ஃபேன் கன்ட்ரோல்' என்ற விருப்பத்தை 1 என்று கொடுத்தால், 0 முதல் 7 வரை ஃபேன் நிலைகளை எழுத முடியும். பாதுகாப்புக்காக இந்த விருப்பம் இயல்பில் மூடியே இருக்கும். இதன்மேல் ஓடும் 'திங்க்ஃபேன்' என்ற புரோகிராமில் எந்த வெப்பத்துக்கு எந்த நிலை என்று எழுதிவைக்கலாம்.

எழுதும்போது ஒரு நுணுக்கம் முக்கியம்: அடுத்தடுத்த நிலைகளின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். இரண்டாம் நிலை 55 முதல் 65 வரை என்றால், மூன்றாம் நிலையை 60-லிருந்து தொடங்க வேண்டும். ஃபேன் 65-இல் வேகமெடுத்து, 60-க்குக் கீழே வந்தபின்தான் தணியும். இரண்டையும் 65-இலேயே வெட்டினால் ஃபேன் நிமிடத்துக்குப் பத்து முறை ஏறி இறங்கி, காதுக்கும் மோட்டாருக்கும் தொல்லை கொடுக்கும். புரோகிராம் நடுவில் செத்துப்போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் டிரைவரிலேயே பதில் இருக்கிறது. அதிகபட்சம் 120 நொடி வரை வைக்கக்கூடிய காவல் நேரம் ஒன்று உண்டு. அதற்குள் புதிய உத்தரவு வராவிட்டால் ஃபேன் பாதுகாப்பான நிலைக்குத் திரும்பிவிடும்.

பழைய டெல் லேட்டிட்யூட்களில் 'டெல்-எஸ்எம்எம்-ஹெச்டபிள்யூமான்' டிரைவரும் 'ஐ8கேயூட்டில்ஸ்' தொகுப்பும் உதவும். ஆனால் பல மாடல்களில் பயாஸ் சில நொடிகளில் ஃபேனைத் தன் கைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஹெச்பியின் அலுவலக வகைகள் பலவற்றில் பயாஸ் அமைப்பிலேயே, சார்ஜரில் இருக்கும்போது ஃபேனை எப்போதும் ஓடவிடும் விருப்பம் இருக்கிறது. பஞ்சு மிகுந்த இடத்தில் அதை அணைத்துவைத்தால் தேவையில்லாமல் காற்றை இழுப்பது குறையும்.

மற்ற மாடல்களுக்கு 'என்பிஎஃப்சி-லினக்ஸ்' என்ற கருவி இருக்கிறது. மாடல் வாரியாக எழுதப்பட்ட அமைப்புகளைக் கொண்டு அது கன்ட்ரோலரோடு நேரடியாகப் பேசும். தன் மாடலுக்குச் சரியான அமைப்பு இல்லாதபோது 'கிட்டத்தட்ட இதே மாதிரிதானே' என்று வேறொன்றைப் போட்டுப் பார்ப்பது பெரிய தவறு. அதே முகவரி இன்னொரு மாடலில் பேட்டரி சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தலாம்.

ஃபேனை முழு வேகத்தில் நிரந்தரமாக விடுவதும் பஞ்சு ஊரில் நல்லதல்ல. இழுக்கும் காற்று கூடினால் சேரும் பஞ்சும் கூடும். வெயில் காலத்துக்கு இரண்டு மூன்று டிகிரி முன்னதாகவே ஃபேன் ஏறும்படி எல்லைகளை நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேசையும் பேட்டரியும்

லேப்டாப்பைத் துணிக்கட்டின் மேலோ சாம்பிள் பீஸ்களின் மேலோ வைப்பது இங்கே தினசரிக் காட்சி. பல மாடல்களில் காற்று இழுக்கும் துளை அடிப்பக்கம் இருப்பதால், துணி அதை மூடுவதோடு பஞ்சையும் நேரடியாக ஊட்டுகிறது. பின்பக்கம் இரண்டு மரக்கட்டை வைத்து ஓர் அங்குலம் உயர்த்தினாலே வித்தியாசம் சில டிகிரி இறங்கும். துளைக்கு மேல் மெல்லிய துணி ஒட்டி வடிகட்டி செய்வது பலன் தராது. அதுவே சில நாளில் அடைப்பாகிவிடும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில், பல்லடம் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும்போது, அறை குளிர்ந்திருக்கும். ஆனால் திறந்த ஜன்னல் வழியே புழுதியும் சேர்ந்து வரும். மேசையை ஜன்னலுக்கும் கட்டிங் பிரிவின் வாசலுக்கும் எதிரே போடாமல் இருப்பது நல்லது.

நாள் முழுதும் சார்ஜரிலேயே இருக்கும் பேட்டரிக்குச் சூடும் நூறு சதவீதச் சார்ஜும் சேர்ந்த கூட்டு சீக்கிரம் வயதைக் கூட்டிவிடும். திங்க்பேட்டிலும் ஆதரவுள்ள வேறு மாடல்களிலும் டிஎல்பி வழியாக 75-இல் தொடங்கி 80-இல் நிறுத்தும்படி சார்ஜ் எல்லை வைக்கலாம். மின்வெட்டு அதிகம் உள்ள பகுதியில் மேல் எல்லையை 90 ஆக்கிக்கொள்ளலாம்.

ஒரு வருடத்துக்கான அட்டவணை

- வாரம் ஒருமுறை: காற்று வெளியேறும் வாயை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தல்.
- மாதம் ஒருமுறை: வழக்கமான வேலையின் நடுவே ப்ராசசர், அறை இரண்டின் வெப்பத்தையும் குறித்தல்.
- பங்குனி தொடங்கும் முன்: அடிமூடியைத் திறந்து பஞ்சுப் பட்டையை எடுத்தல், 'பவர் சேவர்' நிலைக்கு மாறுதல்.
- ஆடிக் காற்று ஓய்ந்தபின்: மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தல்.
- இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை: தெர்மல் பேஸ்ட் மாற்றுதல்.

பனியன் கம்பெனியில் ஒவ்வொரு மிஷினுக்கும் எண்ணெய் மாற்றிய தேதி எழுதிய அட்டை தொங்குவது போல, லேப்டாப்பின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். சுத்தம் செய்த தேதி, அன்று கிடைத்த வித்தியாசம் என்று இரண்டே வரி. இன்று 38 என்று எழுதியிருந்து, அடுத்த சித்திரையில் அதே வேலையின்போது 48 வந்தால், எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.